கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை

மும்பை மாஹிமில் கார் வைத்திருப்பவரின் முன்கண்ணாடி உடைய நெடுஞ்சாலைப் பயணம் தேவையில்லை. துளசி பைப் ரோட்டில் இடிபாடு ஏற்றிய டம்பருக்குப் பின்னால் சிறிது தூரம் போனாலே போதும். சரியாகத் தார்ப்பாய் போடாத வண்டியிலிருந்து தெறிக்கும் ஒரு ஜல்லி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சித்லாதேவி கோயில் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிக் கிடந்த ஆண்டுகளில் இந்த ஜல்லிக்குப் பஞ்சமே இருக்கவில்லை. வண்டியை வெளியே எடுக்காமல் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தாலும் மழைக்காலத்தில் கிளை முறிந்து விழும், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பந்து வந்து விழும்.

முன்பெல்லாம் இதற்காக யாரும் தூக்கம் இழந்ததில்லை. மும்பை டாக்ஸியாக ஓடிய பிரீமியர் பத்மினியின் முன்கண்ணாடி ஒரு ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும். புதுக் கண்ணாடியின் விளிம்பில் பீடிங்கை மாட்டி, அதன் பள்ளத்தில் கயிறு ஒன்றைச் சுற்றிலும் ஓடவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவிச் சட்டத்தில் வைப்பார்கள். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்துவார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கயிற்றை மெல்ல உருவ உருவ, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி வந்து கவ்விக்கொள்ளும். கயிறு முழுதும் கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது. கண்ணாடியைக் குர்லா சி.எஸ்.டி. ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் பேரம் பேசி வாங்கிவந்து மாட்டியவர்களும் உண்டு. 2023 அக்டோபர் இறுதியில் கடைசிப் பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றது. கயிறு உருவும் வேலை அதற்கு வெகுகாலம் முன்பே அருகிப்போயிருந்தது.

இன்றைய கார்களில் கண்ணாடியைப் பாலியூரிதேன் பசையால் தகரத்தோடு ஒட்டுகிறார்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற மெல்லிய படலம், பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர் தடிமனில், வைத்து அழுத்தியது இந்த லேமினேட்டட் கண்ணாடி. உடைந்தாலும் தூள் தூளாக முகத்தில் கொட்டாது. இந்த யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ் 1909இல் காப்புரிமை பெற்றார். ஒட்டிய கண்ணாடி காரின் உடலுக்கு வலு சேர்க்கிறது. முன்பயணியின் ஏர்பேக் பல மாடல்களில் விரியும்போது கண்ணாடியைத்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. எனவே பசை காய்வதற்கு முன் வண்டியை எடுப்பது ஆபத்து. ஜூன் மாத மும்பையில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும், ஆகையால் ஈரக்காற்று அதற்கு நல்லது. ஆனால் ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் பிடிமானம் போய்விடும். கூரையில்லாத நடைபாதைக் கராஜில் மழைநாளில் முன்கண்ணாடி மாற்றக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

இதுவரை சொன்னது பொருளும் கைவேலையும். உள் ரியர்வியூ மிரருக்குப் பின்னால், கண்ணாடியோடு ஒட்டிய ஒரு பிராக்கெட்டில், கேமரா வந்து உட்கார்ந்த பிறகுதான் விவகாரமே மாறியது. முன்னால் போகும் வண்டியை, லேன் கோட்டை, ஆளை அடையாளம் கண்டு எச்சரிப்பதும், நாம் பிரேக் போடாவிட்டால் தானே போடுவதும் அந்தக் கேமராவை நம்பித்தான். 'அடாஸ்' என்று ஷோரூமில் சொல்வது இந்தக் கூட்டுக்குத்தான். இந்தியாவில் 2020இல் எம்ஜி குளோஸ்டரிலும், 2021இல் மஹிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர் ஆகியவற்றிலும் வந்தபோது இது பெரிய வண்டிக்காரர்களின் சமாச்சாரமாக இருந்தது. 2023இல் ஹூண்டாய் வென்யூவுக்கு வந்தது. 2024 டிசம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை ஹோண்டா அமேஸில், அறிமுக ஷோரூம் விலை பத்து லட்சத்துக்குக் கீழே இருந்த வகையிலேயே இருந்தது. செம்பூரில் ஆபீஸ் போய்வரும் நடுத்தரக் குடும்பம் வாங்கும் வண்டி அது. அமேஸ், சிட்டி, எலிவேட் ஆகிய ஹோண்டாக்களில் முன்பக்க ராடார் கிடையாது, எல்லாவற்றையும் அந்த ஒற்றைக் கேமராவே பார்த்தாக வேண்டும்.

கண்ணாடியை மாற்றும்போது கேமராவைக் கழற்றி மாட்டுகிறார்கள். கேமரா உடையவில்லை, கீறவில்லை, அதே கேமராதான். ஆனால் புதுக் கண்ணாடியின் வளைவு, பிராக்கெட் ஒட்டிய இடம், பசையின் கனம் இவற்றில் எது மயிரிழை மாறினாலும் கேமரா பார்க்கும் திசை மாறிவிடும். கணக்கு எளிது. திசை ஒரு டிகிரி பிசகினால் 50 மீட்டர் தொலைவில் பார்வை 87 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். ஒரு ஸ்கூட்டரின் அகலமே சுமார் 70 சென்டிமீட்டர்தான். 100 மீட்டரில் அந்தப் பிழை 1.75 மீட்டராகிவிடும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர் என்றால், சரிபாதி லேன். பக்கத்து லேனில் போகும் லாரியைத் தன் முன்னால் போவதாக எண்ணிக் கார் பிரேக் அடிக்கலாம். முன்னால் நிற்கும் ஸ்கூட்டரைக் கணக்கில் எடுக்காமலும் விடலாம். இதில் இரண்டாவதுதான் பயங்கரம், ஏனென்றால் கேமரா தன் கோணல் பார்வையைத் தானே கண்டுகொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியவிடும் என்பதற்கு எல்லா மாடல்களிலும் உத்தரவாதம் இல்லை.

அதனால்தான் கேலிபரேஷன். இதில் இரண்டு வகை. நிறுத்தி வைத்துச் செய்வதில், காரின் மையக்கோட்டை அளந்து, கம்பெனி சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில் கட்டம் போட்ட பலகை ஒன்றை நிறுத்தி, கேமராவுக்கு 'இதுதான் நேர்' என்று கற்பிக்கிறார்கள். தரை சமமாக இருக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், வெளிச்சம் கண்ணைக் கூசக் கூடாது, வண்டிக்கு முன்னால் பல மீட்டர் வெற்றிடம் வேண்டும். ஓட்டிச் செய்வதில், ஸ்கேனரைப் பூட்டிக்கொண்டு, கோடு தெளிவாக இருக்கும் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் நிற்காமல் ஓட்ட வேண்டும். எந்தக் காருக்கு எது, அல்லது இரண்டுமேவா என்பதைக் கார் கம்பெனியின் சர்வீஸ் கையேடு சொல்லும், மெக்கானிக்கின் அனுபவம் சொல்லாது.

மாஹிமையும் தாராவியையும் அறிந்தவர்களுக்கு இந்த நிபந்தனைகளைப் படிக்கும்போதே சிரிப்பு வரும். இங்கே காலியாகக் கிடக்கும் பல மீட்டர் சமதரை எங்கே இருக்கிறது? அறுபதடி ரோடு, தொண்ணூறடி ரோடு என்று பெயர் இருந்தாலும் கடை, கை வண்டி, ஆட்டோ போக மிஞ்சுவது வேறு. ஓட்டிச் செய்யலாம் என்றால் எல்.ஜே. ரோட்டில் அந்த வேகம் கிட்டாது. மாஹிம்காரருக்கு வாந்திரா – வொர்லி கடற்பாலம், செம்பூர்காரருக்கு ஈஸ்டர்ன் ஃப்ரீவே ஆகிய இரண்டும்தான் கோடும் வேகமும் சேர்ந்து அமையக்கூடிய சாலைகள், அதுவும் நெரிசல் இல்லாத நேரத்தில். ஆகவே இந்த வேலை இடமும் கருவியும் உள்ள பெரிய சர்வீஸ் சென்டர்களிடம் போய்ச் சேர்வது இயற்கை. கண்ணாடி மாற்றுவதில் கைதேர்ந்த சிறு கராஜ்காரர் கண்ணாடியை மட்டும் ஒட்டிக் கொடுப்பார். "கேமரா வேலை செய்யுதா அண்ணாச்சி?" என்று கேட்டால், "அதான் லைட் ஒண்ணும் எரியலையே, எடுத்துட்டுப் போங்க" என்பார். அவர் ஏமாற்றவில்லை. தனக்குத் தெரிந்த அளவில் சரியாகவே சொல்கிறார்.

இனி பாலிசிக்கு வருவோம். நம் நாட்டு மோட்டார் காப்பீட்டு வாசகங்களின் மூலம் 2002 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப். பிரீமியத்தை நிர்ணயித்த அதன் பிடி, சொந்தச் சேதப் பகுதியில் 2007 ஜனவரி முதல் தளர்ந்தது. வாசகங்கள் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. எவ்வளவு அப்படியே என்றால், கம்பெனியைக் கேட்காமல் நாமே பழுதுபார்க்கச் சொல்லக்கூடிய உச்சவரம்பு அந்த வாசகத்தில் ரூ.500. இன்றைக்கு அந்தப் பணத்துக்கு வைப்பர் பிளேடு வாங்கலாம்.

அந்த டாரிஃபில் தேய்மான அட்டவணை ஒன்று உண்டு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். ஃபைபர் கிளாசுக்கு 30. மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, பத்து வருடத்துக்கு மேல் 50 வரை. கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானமே கிடையாது. எட்டு வருடம் ஓடிய காரின் முன்கண்ணாடி உடைந்தாலும் புதுக் கண்ணாடியின் முழு விலை கணக்கில் வரும். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' இணைப்பை எடுக்கவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் கவலைப்பட வேண்டியதில்லை. கழிவது பீடிங், கிளிப், கேமரா மூடி போன்ற சில்லறைகளில் பாதியும், ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயமாகப் பிடிக்கும் தொகையும்தான். 1500 சி.சி. வரையிலான காருக்கு ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. கராஜ் வட்டாரத்தில் 'ஃபைல் சார்ஜ்' என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் சொந்தச் சேதப் பாதுகாப்பு உள்ளவருக்கு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றம் புதுக் கார்களுக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நல்ல உத்தரவு. ஆனால் அதன் பக்கவிளைவாக, முதல் வருடச் சொந்தச் சேதப் பாதுகாப்பு தீர்ந்தபின் 'மூன்று வருடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்துவிட முடிகிறது. மூன்றாம் நபர் காப்பீட்டில் தன் கண்ணாடிக்கு ஒரு பைசாவும் வராது.

அடாஸ் காரின் கண்ணாடிக்கான எஸ்டிமேட்டில் நாலு வரி இருக்கும்: கண்ணாடி, பசையும் பீடிங்கும், கூலி, கேலிபரேஷன். முதல் மூன்றுக்கு அட்டவணையில் இடம் இருக்கிறது. நாலாவது எங்கே போகும்? 2002இல் அப்படி ஒரு வேலையே இந்தியாவில் இல்லை. அது பாகம் அல்ல என்பதால் தேய்மானம் பேச முடியாது. 'கேமரா உடையவில்லையே, அதற்கு ஏன் செலவு?' என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கலாம். விலக்குப் பட்டியலில் இருக்கும் 'பின்விளைவு நஷ்டம்', 'மின்கோளாறு' என்ற சொற்களையும் யாராவது இழுத்துவரலாம்.

என் பார்வையில் இந்த வாதங்கள் நிற்காது. விபத்தால் நேர்ந்த சேதத்துக்குக் கம்பெனி வண்டியைப் பழுதுபார்க்கும், முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரும், அல்லது பாகத்தை மாற்றும், இல்லையேல் இழப்பைப் பணமாகத் தரும் என்பதுதான் பாலிசி தரும் வாக்கு. நேராகப் பார்த்துக்கொண்டிருந்த கார் கோணலாகப் பார்க்கும் நிலையில் திரும்பி வந்தால் அது பழைய நிலை இல்லை. மின்கோளாறு என்பது தானாக நேர்வது. இங்கே மூலகாரணம் வெளியிலிருந்து வந்த கல். கேலிபரேஷன் கண்ணாடி மாற்றும் வேலையின் கடைசிப் படி, எனவே கூலியோடு சேர்ந்தது, முழுதும் தரவேண்டியது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதை ஒரு வரியில் எழுதி வைத்தால் வாதத்துக்கே இடமிருக்காது.

கம்பெனிகளின் பயத்திலும் நியாயம் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் முழுமையான காப்பீடு உள்ளவரிடம் முன்கண்ணாடிக்குப் பிடித்தம் செய்யக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கையிலிருந்து காசு போகாது என்றதும், பரிசுப்பொருள் கொடுத்துக் கண்ணாடி மாற்றச் சொல்லும் வியாபாரம் அங்கே கிளம்பியது. வாடிக்கையாளரின் உரிமையைக் கடைக்காரரே எழுதி வாங்கிக்கொண்டு கம்பெனிகள் மேல் வழக்குகளைக் குவித்தார்கள். 2023இல் அந்த மாநிலம் பரிசையும் உரிமை மாற்றத்தையும் தடைசெய்தது. கேலிபரேஷன் தேவையா, செய்யப்படுமா என்பதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதியது. செய்யாத கேலிபரேஷனுக்குப் பில் போடுவது சுலபம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் தடயம் எதுவும் இல்லை. செய்ததாகச் சொல்லியும் சரிவராமல் போவது உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய உதவிக் கருவிகளைப் பழுதுபார்க்கக் கொடுத்த கார் உரிமையாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலை முடிந்த பிறகும் ஏதோ ஒரு கோளாறு இருந்ததாகச் சொன்னார்கள். தானே பிரேக் போடும் வசதி பின்னால் போய் மோதும் விபத்துகளைச் சரிபாதியாகக் குறைக்கிறது என்று கண்டறிந்ததும் இதே கழகம்தான்.

அடுத்தது நோ கிளெய்ம் போனஸ். கண்ணாடி உடைந்தவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான், ஏஜெண்டுகள் அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குப் படிப்படியாக 20, 25, 35, 45, 50 சதவீதம் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழிவு கிடைக்கும். ஒரே ஒரு கிளெய்ம் போதும், அடுத்த வருடம் பூஜ்யம். கணக்குக்காக, கழிவுக்கு முந்தைய பிரீமியம் ரூ.20,000 என்றும் அது மாறாமல் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருப்பவர் கட்டுவது ரூ.10,000. கிளெய்ம் செய்தபின் அவர் அடுத்தடுத்த ஐந்து வருடங்களில் கட்டுவது 20,000, 16,000, 15,000, 13,000, 11,000. கூடுதலாகப் போவது மொத்தம் ரூ.25,000. வண்டியின் மதிப்பு வருடாவருடம் இறங்குவதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையும், ஆனாலும் சிறிய தொகை இல்லை. ஒன்பதாயிரம் ரூபாய்க் கண்ணாடிக்குக் கிளெய்ம் போட்டு எட்டாயிரம் வாங்கியவர் உண்மையில் நஷ்டப்பட்டவர். பழைய கார்க்காரர்கள் கண்ணாடியைக் கைக்காசில் மாற்றிவந்ததில் புத்திசாலித்தனம் இருந்தது.

அடாஸ் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. கண்ணாடியும் கேலிபரேஷனும் சேர்ந்து ரூ.45,000 ஆகிறது என்று வையுங்கள், கிளெய்ம்தான் லாபம். அதில் கேலிபரேஷனுக்கான 12,000ஐக் கம்பெனி தள்ளிவிட்டால், ஃபைல் சார்ஜ் போகக் கிடைக்கும் 32,000இல் 25,000 போனஸ் இழப்பாகக் கரைந்துவிடும், தள்ளிய பன்னிரண்டாயிரமும் கையிலிருந்து போகும். அந்த நாலாவது வரிக்கு இவ்வளவு கனம் இருப்பது அதனால்தான். முதல் வருடப் பாலிசியில் இருக்கும் புத்தம்புதுக் காருக்கு, பழைய வண்டியிலிருந்து போனஸ் எதுவும் கொண்டுவராதவர் என்றால், இழப்பு குறைவு. ஏணியில் ஒரு படி தாமதம் மட்டுமே. அதைக் கூட்டிப் பார்த்தால் அரை வருடப் பிரீமியம், நம் உதாரணத்தில் ரூ.10,000.

கண்ணாடியைத் தனியாகப் பிரித்துவிட்ட நாடுகள் இருக்கின்றன. மலேசியாவில் முன்கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்கலாம். குறிக்கும் கண்ணாடி மதிப்பில் வழக்கமாக 15 சதவீதம் பிரீமியம், கிளெய்ம் செய்தாலும் போனஸ் கழிவு போகாது. கிள்ளானிலோ ஈப்போவிலோ உறவினர் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம், அங்கே இது சாதாரண நடைமுறை. நம் நாட்டிலும் போனஸ் பாதுகாப்பு என்றோ, கண்ணாடி, ஃபைபர், பிளாஸ்டிக் பழுது என்றோ வெவ்வேறு பெயர்களில் சில கம்பெனிகள் கூடுதல் இணைப்புகள் விற்கின்றன. அவற்றில் சில பழுதுபார்த்தால் மட்டும் போனஸைக் காக்கும், மாற்றினால் காக்காது. சல்லிக்காசு அளவு விரிசலுக்கு ரெசின் செலுத்திச் சரிசெய்வது பழுதுபார்ப்பு, ஆனால் கேமராவின் பார்வைக்கு நேராக விழுந்த விரிசலுக்கு அது உதவாது. இணைப்பை வாங்கும் முன் இந்த ஒரு வித்தியாசத்தை மட்டுமாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடைந்த பிறகு செய்ய வேண்டியவற்றில் வரிசைதான் முக்கியம். முதலில் படம் எடுத்துக் கம்பெனிக்குத் தகவல், அதன்பின் சர்வே, அனுமதி வந்த பிறகே கண்ணாடியில் கை வைப்பது. எஸ்டிமேட் எழுதும்போதே கேலிபரேஷன் என்ற வரி அதில் இருக்கிறதா, தனித் தொகையாக இருக்கிறதா என்று பார்த்து, சர்வேயரிடம் அதற்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். வேலை முடிந்த பிறகு கொண்டுபோகும் பில்லுக்கு மதிப்பு குறைவு. சர்வேயர் கேட்டால் கார் கம்பெனியின் சர்வீஸ் கையேட்டில் கண்ணாடி மாற்றினால் கேலிபரேஷன் கட்டாயம் என்றிருக்கும் பக்கத்தைக் காட்டச் சொல்லி சர்வீஸ் அட்வைசரைக் கேட்கலாம். எந்த வாதத்தையும் விட அந்தப் பக்கம் வலுவானது. வண்டியை எடுக்கும்போது சேசிஸ் எண்ணும் தேதியும் நேரமும் பதிந்த ஸ்கேனர் ரிப்போர்ட்டை அச்செடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நாளைக்குக் கேமரா கைவிட்டு விபத்து நேர்ந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவை அளித்தவர் மேல் வைத்திருக்கும் பொறுப்பை நிலைநாட்டவும் அந்தத் தாள் வேண்டும்.

கண்ணாடியின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும், அதையும் குனிந்து பார்த்துவிடுவது நல்லது. தயாரித்தவர் பெயர், லேமினேட்டட் என்ற குறிப்பு, ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தரநிலை எண் ஆகியவை இருக்க வேண்டும். கார் கம்பெனி சின்னம் இல்லாத கண்ணாடி என்பதால் மட்டும் அது மட்டம் ஆகிவிடாது. பார்க்க வேண்டியது கேமரா பார்க்கும் ஜன்னல் பகுதியும் பிராக்கெட்டும் அந்த மாடலுக்கானவையா என்பது. அதே மாடலின் கேமரா இல்லாத வகைக்கான கண்ணாடி விலை குறைவாகக் கிடைக்கும், அளவும் சரியாகப் பொருந்திவிடும். அங்கேதான் ஏமாந்துபோவது.

கேலிபரேஷன் வரியைக் கம்பெனி அடித்துவிட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். மும்பைக்கான அலுவலகம் சாந்தாகுரூஸ் மேற்கில், எஸ்.வி. ரோட்டில், எல்.ஐ.சி.யின் ஜீவன் சேவா வளாகத்தில் இருக்கிறது. மாஹிமிலிருந்து ஸ்லோ லோக்கலில் மூன்றாவது ஸ்டேஷன்.